முதுகில் எழுதும் பெயர்

விளையாட்டுச் சீருடைக்கு ஆர்டர் கொடுக்கும் படிவத்தில் வழக்கமாக ஐந்து பத்திகள் இருக்கும்: வரிசை எண், பெயர், ஜெர்சி எண், அளவு, கையின் நீளம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எக்செல் தாள்தான் அது. இவற்றுள் தொல்லை தரப்போவது அளவுப் பத்தியே என்றுதான் எவரும் நினைப்பார்கள். மைசூர் மானசகங்கோத்ரியில், மொழிசார்ந்த துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்கள் பன்னிருவர் சேர்ந்து ஒரு த்ரோபால் அணிக்குச் சீருடை அடிக்கக் கொடுத்தபோது, அளவுப் பத்தி ஒரே மாலையில் நிரம்பிவிட்டது. பெயர்ப் பத்தி நிரம்பப் பத்து நாள்களுக்கு மேல் ஆயின.

அளவு விரைவில் முடிந்ததற்கு அது எளிய செய்தி என்பது காரணமன்று. கடைக்காரர் அனுப்பிய அட்டவணை ஆண்களின் மார்பளவை வைத்து வரையப்பட்டது. அது தமக்குப் பொருந்தாது என்பது பன்னிருவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். எனவே தம் அளவை விட ஒன்று கூட்டி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இருவர் முழுக்கை கேட்டார்கள். காரணத்தை எவரும் கேட்கவில்லை.

பெயருக்கு ஏன் அத்தனை நாள் ஆயிற்று என்பது விளங்க, அந்தப் பெயர் துணியில் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழைய முறைகளில் எழுத்துகளை வெட்டி ஜெர்சியின்மேல் சூடாக ஒட்டுவார்கள், அல்லது திரை அச்சில் மையைப் பூசுவார்கள். இரண்டிலும் எழுத்து துணிக்கு மேலேதான் நிற்கும். சில மாதச் சலவைக்குப் பின் விளிம்பு எழும். வேண்டாதவர் நகத்தால் உரித்துவிடலாம். சப்ளிமேஷன் வேறு வகை. நம் பாடநூல்கள் இதைப் பதங்கமாதல் என்கின்றன: திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது. கற்பூரமும் அயோடினும் வகுப்பறை எடுத்துக்காட்டுகள். சித்த மருத்துவத்தில் பதங்கம் என்றே ஒரு மருந்து வகை உண்டு. ஆகவே சொல் புதிதன்று, ஜெர்சிக்கு வந்ததுதான் புதிது. வடிவம் முழுவதும் முதலில் ஒரு தாளில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, அச்சாகிறது. அந்தத் தாளை வெள்ளைப் பாலியெஸ்டர் துணியின்மேல் வைத்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஏறத்தாழ ஒரு நிமிடம் அழுத்துகிறார்கள். சூட்டில் இழை இளகி இடம் கொடுக்கிறது. சாயம் ஆவியாகி இழைக்குள் புகுகிறது. ஆறியதும் இழை இறுகிச் சாயத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. பருத்தியில் இது நிற்பதில்லை. பருத்திப் பின்னலாடையால் பெயர்பெற்ற திருப்பூரில் இன்று பாலியெஸ்டர் ஜெர்சிகளும் மலைபோல் தைக்கப்படுகின்றன என்றால், அதில் இந்தச் சாயத்துக்கும் ஒரு பங்குண்டு.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இந்தச் சாயங்கள் ஒளி ஊடுருவுபவை. வெள்ளைச் சாயம் என்று ஒன்று இம்முறையில் கிடையாது. நீல ஜெர்சியின் முதுகில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் தெரிகிறதென்றால், அந்த இடத்தில் எதுவும் அச்சாகவில்லை என்று பொருள். சுற்றிலும் நீலம் ஏறியிருக்கிறது. பெயர் இருக்குமிடத்தில் துணி துணியாகவே விடப்பட்டிருக்கிறது. பெயர் பிழையாகிவிட்டால் அழிப்பதற்கு அங்கே மை என்று ஒன்று இருந்தால்தானே?

(அழியாத மைக்கு மைசூர் முன்னமே பெயர்பெற்ற ஊர். வாக்களித்தவர் விரலில் வைக்கும் மையை 1962 பொதுத்தேர்தலிலிருந்து தயாரித்துவருவது இவ்வூரில் 1937இல் தொடங்கப்பட்ட, இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் எனப்படும் அரசு நிறுவனம். ஆனால் அந்த மையும் நகம் வளர வளர நீங்கிவிடுகிறது. பாலியெஸ்டருக்கு நகம் வளர்வதில்லை.)

ஆகவே பெயர்ப் பத்தியில் எழுதுவது, கிழியும்வரை முதுகில் இருக்கப்போவது. இதை அணித்தலைவி முதலில் பெரிதாக எண்ணவில்லை. மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர்; வேலையைச் சுருக்கமாக முடிப்பவர். விடுதிப் பதிவேட்டில் எல்லோருடைய பெயரும் இணையப் படிவத்தில் நிரப்பியபடியே இருந்தது. அதில் ‘கடைசிப் பெயர்’ என்ற பத்தியை எடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு அனுப்பிவிடலாம் என்று கணக்கிட்டார். தொலைக்காட்சியில் பார்க்கும் கால்பந்தாட்டக்காரர்களின் முதுகில் பெரும்பாலும் இருப்பது அதுதானே. பட்டியலைக் குழுவில் போட்ட அரைமணி நேரத்தில் அவருடைய கைப்பேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது.

முதுகில் பெயர் எழுதும் வழக்கம் ஒன்றும் பழையதன்று. எண்தான் முன்னே வந்தது. இங்கிலாந்தின் கால்பந்துக் கழக ஆட்டங்களில் 1928 ஆகஸ்டில் முதுகில் எண் போட்டுப் பார்த்தார்கள். கிரிக்கெட்டில் 1992 உலகக்கோப்பையில் வண்ண உடையோடு பெயர் வந்தது. எண் 1999 உலகக்கோப்பையில் சேர்ந்தது. வெள்ளை உடையை விடாத டெஸ்ட் ஆட்டத்தில் பெயரும் எண்ணும் ஏற 2019 ஆகஸ்ட் வரை ஆயிற்று. மேடையிலிருந்து பார்ப்பவனுக்கு ஆளை அடையாளம் காட்டுவதே இதன் நோக்கம். அதற்கு ஒரு குடும்பப் பெயர் போதும் என்பது குடும்பப் பெயர் உள்ளவர்கள் வகுத்த வழி. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அந்த வழியில் நடக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அஷ்வினைப் பார்த்தால் போதும். ரவிச்சந்திரன் என்பது அவருடைய தந்தையின் பெயர். உலகத்து ஆட்ட வருணனையாளர்கள் பலர் அதை அவருடைய முதற்பெயராகவே வழங்கிவந்தார்கள். ஜெர்சியில் மட்டும் அஷ்வின் என்றே இருந்தது. அந்த ஒரு வகையில் ஜெர்சி மற்றவற்றை விடச் சரியாக இருந்தது.

விடுதிப் பதிவேட்டின் ‘கடைசிப் பெயர்’ பத்தியில் இருந்தவை பன்னிரண்டும் ஒரே வகைப் பெயர்கள் அல்ல. மொழியியல் படித்தவர்கள் நிறைந்த குழுவில் இது தெரியாமல் போயிருக்க வேண்டியதில்லை; ஆனால் படிவத்தை நிரப்பும்போது எவரும் மொழியியலராக இருப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவருக்கும் அங்கே தந்தை பெயர் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருந்த முதலெழுத்தை, இணையப் படிவம் ஏற்க மறுத்ததால், விரித்து எழுதியதன் விளைவு. மணிப்பூரிலிருந்து வந்தவருக்குக் குலப்பெயர் முன்னால் வருவது வழக்கம். படிவம் அதைப் புரட்டிப்போட்டிருந்தது. ஒருவர் அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளி ஒன்றை வைத்திருந்தார். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இந்தப் புள்ளி பழக்கமானது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் மூன்றெழுத்து அச்சாகி, விமான நிலையத்தில் அதையே பெயராகக் கூப்பிடுவதும் உண்டு. புள்ளி அதைவிட நாகரிகமானது.

தமிழ்ப் பெண்களுள் ஒருவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “அப்பா பெயர் முதுகில் வந்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், அக்கா. ஆனால் நான் பந்தை நழுவவிட்டால் ஊரே அவரை அல்லவா திட்டும்?” என்றார். சிரிப்பதற்கு உரியது அது ஒன்றுதான். மற்றவை அப்படியில்லை.

ஒருவருக்குக் கணவர் பெயர் இருந்தது. திருமணத்துக்குப் பின் மாற்றிய ஆதார் அட்டையைக் கொண்டு விடுதியில் சேர்ந்தவர். அந்தத் திருமணம் இப்போது குடும்ப நீதிமன்றத்தில் இருக்கிறது. சான்றிதழ்களில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று ஏற்கெனவே இரண்டு பெயர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவர். ஆடுகளத்திலும் அந்தப் பெயரைச் சுமந்து ஓட அவருக்கு மனமில்லை. தம் பெயரை மட்டும் போடும்படி ஒரே வரியில் எழுதினார். விளக்கம் ஏதும் எழுதவில்லை. பிற்பகலில் அணித்தலைவியின் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

இன்னொருவர் பழைய மைசூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய பெயரின் கடைசிப் பகுதியைக் கேட்ட மாத்திரத்தில் ஊரில் அவருடைய வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்பதைச் சொல்லிவிடலாம். விடுதியில் அது எல்லோருக்கும் தெரியும்; எவரும் பேசுவதில்லை. ஆனால் போட்டி நடப்பது வேறு கல்லூரி மைதானத்தில், தெரியாத கூட்டத்தின் நடுவில். அவர் எழுதியது: “எனக்கு எண் மட்டும் போதும்.” அணித்தலைவி பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பினார். பிறகு வெகுநேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்முடைய கடைசிப் பெயரும் ஒரு சாதிப்பெயர்தான் என்பதும், அதைப் பன்னிரண்டாவது வரியில் தயக்கமின்றித் தட்டச்சு செய்திருந்தது தம் விரல்களே என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறை பொதுவெளியில் விடை சொல்லியிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதை விடும்படி தீர்மானம் இயற்றியது. அதன் பிறகு தமிழர் பெயரின் வால் மெல்ல மெல்ல மறைந்து, முன்னால் ஒற்றை எழுத்து நின்றது. சாதி போய்விட்டது என்று எவரும் மயங்க வேண்டியதில்லை; பெயரில் கேட்க முடியாததை வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆயினும் முதுகில் எழுத வேண்டிய சொல் என்று வரும்போது தமிழ்ப் பெண்ணுக்கு இருக்கும் கவலை தந்தை திட்டு வாங்குவது மட்டுமே. அந்தப் பழைய மைசூர்ப் பெண்ணுக்கு இருப்பது அதுவன்று. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு தீர்மானமும் பல்லாண்டு வழக்கமும் உள்ளன.

நேர் எதிரான திசையில் ஓர் எடுத்துக்காட்டு, மைசூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், குடகில் இருக்கிறது. அங்கே கொடவர்கள் நடத்தும் ஹாக்கித் திருவிழாவில் ஒவ்வோர் அணியும் ஒரு குடும்பம். ஒக்க எனப்படும் அந்தக் குடும்பக் குழுவின் பெயர்தான் அணியின் பெயர். 1997இல் கரடா என்ற ஊரில் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிவைத்தபோது 60 குடும்பங்கள் ஆடின; 2024இல் நாபோக்லுவில் நடந்தபோது 360. ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பம் முன்னின்று நடத்துகிறது. கோப்பைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயரே. அந்த மைதானத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் ஆட்டமே இல்லை. த்ரோபால் அணியிலிருந்த கொடவப் பெண்ணுக்குத் தம் ஒக்கப் பெயர் முதுகில் வருவதில் பெருமையே. முதலில் ‘சரி’ என்று எழுதியவர் அவர்தான். ஒரே பத்தி, ஒரே தலைப்பு. ஒருவருக்கு அது கொடி, இன்னொருவருக்கு அது சூடு. இரண்டையும் ஒரே விதியால் நிரப்ப முடியாது என்று கண்ட பிறகு, அணித்தலைவி விதியைக் கைவிட்டு, முதுகில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதை அவரவரே எழுதும்படி தாளைத் திறந்துவிட்டார். செய்யக்கூடிய சரியான செயல் அதுதான். அது தெரிய வர நான்கு நாள்கள் ஆயின.

தாளைத் திறந்துவிட்டதும் அடுத்த கேள்வி எழுந்தது. மலையாளப் பெண் தம் பெயரை மலையாள எழுத்திலேயே எழுதியிருந்தார். வேண்டுமென்றே செய்தாரா, கைப்பேசியின் விசைப்பலகை மாறியிருந்ததா என்பது தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்த மற்றவர்களுக்கு ஆசை பிறந்துவிட்டது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இருக்கும் வளாகம். குவெம்பு பெயரிட்ட மானசகங்கோத்ரி. ஆய்வேடுகளின் தலைப்புகளில் பாதி இந்திய மொழிகளைப் பற்றியவை. முதுகில் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து எதற்கு? எதிர்வாதமும் உறுதியானது: நடுவருக்கும் குறிப்பாளருக்கும் மலையாளமோ மணிப்பூரின் மெய்த்தேய் எழுத்தோ படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் நடுவருக்கு வேண்டியது எண்தான் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. எண்ணை எல்லோரும் அறிந்த வடிவிலும், பெயரை அவரவர் எழுத்திலும் போடுவது என்று முடிவாயிற்று. (எண்ணையும் கன்னட வடிவில் போடலாமே என்றார் ஒருவர். கர்நாடக அரசுப் பேருந்துகளில் அவ்வடிவங்களைப் பார்த்துப் பழகியவர்களே அதைப் படிப்பார்கள் என்பதால் அது கைவிடப்பட்டது. தமிழ் எண்களைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. அவற்றைத் தமிழர்களே படிப்பதில்லை.)

அந்த முடிவால் தீர்ந்துபோன ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரரின் தாளில் பெயர் பத்து எழுத்துக்கு மேற்படக் கூடாது என்று குறிப்பு இருந்தது. தமிழ்ப் பெண்களுள் ஒருவருடைய பெயரில் ழகரம் உண்டு. உண்மைப் பெயர் இங்கே எதற்கு, பூங்குழலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் அது பதினொன்று. கடைசி எழுத்தை வெட்டினால் குழலி குழலாகிவிடும். தமிழ் இலக்கணத்தைக் கேட்டால் பூ, ங், கு, ழ, லி என ஐந்தே எழுத்து. கணினியைக் கேட்டால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ஒன்பது குறியீடு என்னும். ஒரே பெயர், மூன்று கணக்கு. அவற்றுள் ஒன்று மட்டுமே வரம்பைத் தாண்டுவது, அதுவே படிவத்தின் கணக்காக இருப்பது! பதினொன்றில் இரண்டைத் தின்பது ழகரம்; அந்த இரண்டையும் கன்னட, இந்தி வாசகர்கள் ஜகரத்தின் சாயலில்தான் படிக்கிறார்கள் என்பது வேறு. இட நெருக்கடியும் தவறான ஒலிப்பும் சேர்ந்தே வந்தன.

தமிழில் எழுதலாம் என்றதும் பூங்குழலிக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி மாதிரிப் படம் வரும்வரைதான் நீடித்தது.

கடை மைசூரில்; வடிவமைப்பது அங்கேயுள்ள ஓர் இளைஞர்; அச்சும் தையலும் திருப்பூரில். இந்தத் தொழிலில் இப்படிப் பிரிந்து கிடப்பது இயல்பு. கோப்பு இணையத்தில் போகிறது; துணி சத்தியமங்கலம் காட்டையும் திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பார்சலாக வருகிறது. சிக்கல் முதற்கண்ணியிலேயே தொடங்கிற்று. வடிவமைப்பாளரின் மென்பொருள் கன்னடத்துக்கென அமைத்த பழைய எழுத்துருக்களைக் கொண்டது. வாட்ஸ்அப்பில் வந்த ஒருங்குறித் தமிழை அங்கே ஒட்டியதும் வெறுங்கட்டங்களாக நின்றன. அவர் பொறுமையாக வேறோர் எழுத்துருவைத் தேடி எடுத்தார். அதில் எழுத்துகள் தெரிந்தன. ஆனால் எகர ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. தமிழில் ஒலிப்பது ஒரு வரிசை, எழுதுவது இன்னொரு வரிசை. கணினி நினைவில் வைப்பது ஒலியின் வரிசையை. அதை எழுத்தின் வரிசைக்கு மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு அநாதையாகத் தொங்கும். இன்னொரு தமிழ்ப் பெண்ணின் பெயர் அப்படித் தொங்கியது. பூங்குழலியின் பெயரில் கொம்பு இல்லை. ஆனால் அந்த இளைஞர் சளைத்துப்போய், விசைப்பலகைப் படத்தைப் பார்த்துத் தாமே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருந்தார். ழவைத் தேடியவருக்குக் கிடைத்தது ள. பூங்குளலி. மொழி தெரியாதவர் செய்த பிழை என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. தமிழ் தெரிந்த பலரின் வாயில் அந்தப் பெயர் அப்படித்தான் இருக்கிறது.

அவருடைய மொழிக்கும் அந்த எழுத்து ஒரு காலத்தில் அயலானதன்று. பழங்கன்னடத்தில் ழகரம் ஒலியாகவும் எழுத்தாகவும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராஜன் எழுதிய ‘சப்தமணிதர்ப்பணம்’ என்னும் இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. பின்னர் வழக்கில் அது ளகரத்தோடு கலந்துவிட்டது. தமிழின் ஏழு அங்கே ஏளு. பழைய என்பதன் உறவுச்சொல் ஹளெ. ஹளெகன்னடம் என்னும் பெயரே, பகரம் ஹகரமாகவும் ழகரம் ளகரமாகவும் மாறிய பின்னர் வழங்கும் வடிவம். பழங்கன்னடத்தைக் குறிக்கும் சொல்லிலேயே பழங்கன்னடத்தின் ழ இல்லை. அணியில் ஹளெகன்னடத்தில் ஆய்வு செய்பவர் ஒருவர் இருந்தார். மாதிரிப் படத்தைப் பார்த்ததும் இதைச் சொன்னவர் அவரே. அவர் சொன்ன இன்னொரு செய்தி இதைவிட வேடிக்கையானது. வழக்கொழிந்த அந்தக் கன்னட எழுத்துக்கு ஒருங்குறி அட்டவணையில் இடம் ஒதுக்கியபோது, அதற்கு ழகரத்துக்குரிய பெயரை இடாமல், தவறாக ‘ஃப’ என்று பெயரிட்டுவிட்டார்கள். ஒருங்குறியில் ஒரு முறை வைத்த பெயரை எக்காலத்தும் மாற்றுவதில்லை என்பது விதி. மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்கள் குழம்பும். எனவே அருகில் ஒரு திருத்தக் குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து சரி, வடிவம் சரி, பெயர் பிழை. பிழையான பெயரோடுதான் அது இனி எப்போதும் இருக்கும்.

அந்த ஆய்வாளர் இதைச் சொல்லி முடித்த அன்று இரவே பூங்குழலி கடைக்கு நேரில் போனார். மாதிரிப் படத்துக்கு மறுநாள் காலைக்குள் ‘ஓகே’ சொல்லாவிட்டால் திருப்பூரில் வரிசை தவறிவிடும் என்று செய்தி வந்திருந்தது. தாளில் அச்சான பின் பிழை பார்க்கலாம் என்பது நடவாது. தாளில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும். ப போன்ற சில எழுத்துகள் ஏறக்குறைய அப்படியே தெரியும். மற்றவை எதிரிக்கு முகம் காட்டி நிற்கும். திரையில் பார்ப்பதே கடைசி வாய்ப்பு. (மைசூரில் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவில் பல்லாண்டுகளாகச் சேர்ந்துகிடந்த மைப்படிகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: கல்லில் வெட்டியவன் விட்ட எழுத்தை ஆயிரம் ஆண்டு கழித்துப் பதிப்பாசிரியர் அடைப்புக்குறிக்குள் சேர்ப்பார், கல்லில் சேர்க்க முடியாது.)

வடிவமைப்பாளர் குறை சொல்லும்படியான ஆள் அல்லர். ழவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார், சரி என்றார். ஆனால் திருப்பூர்க் கணினியில் திறக்கும்போது அது அப்படியே இருக்கும் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அங்கே தமிழ் எழுத்துரு இருக்கும், கன்னடம் உடைந்துவிடும். சென்ற மாதம் ஒரு பள்ளியின் பெயரில் ஒத்தெழுத்துகள் எல்லாம் கீழே இறங்காமல் பக்கவாட்டில் வரிசையாக நின்று அச்சாகி வந்தனவாம், நாற்பது ஜெர்சி. அதற்குத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கர்வ் பண்ணிவிடுவது என்பார்கள். தட்டச்சான சொல்லைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் மாற்றிவிட்டால், எந்தக் கணினியில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. ஆனால் அதற்குப் பின் அது எழுத்தும் அன்று. தேடினால் கிடைக்காது, திருத்த முடியாது, கணினிக்கு அது பூவோ மலையோ போல ஒரு படம். பெயர் பெயராகவே போய்ச் சேர வேண்டுமென்றால், வழியில் அது சொல்லாக இருக்கக் கூடாது. பதினொரு பேரின் சொற்களையும், எண் மட்டும் கேட்டவரின் வெற்றிடத்தையும் சேர்த்து, இரவு பத்தரை மணிக்கு வளைவுகளாக்கி அனுப்பினார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து, “இவங்க பெயர் விட்டுப்போச்சா மேடம்?” என்று இளைஞர் இரண்டு முறை கேட்டார். இல்லை, அப்படித்தான் என்று இரண்டு முறையும் பூங்குழலி சொன்னார்.

பார்சல் எட்டாம் நாள் வந்தது. முதுகுகள் எல்லாம் சரியாக இருந்தன. மார்பில் துறையின் பெயருக்குக் கீழிருந்த கோடு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. கணவர் பெயரை விட்டவர், தம் பெயருக்குப் பின்னால் தாயின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்திருந்தார். அணித்தலைவியின் முதுகில் அவருடைய கடைசிப் பெயர் இல்லை. அதை எப்போது எடுத்தார் என்பது எவருக்கும் தெரியாது, தாளில் அவர் வரி எப்போதோ மாறியிருந்தது. எண் மட்டும் கேட்டவருக்கு 11. மற்றவர்களுடைய எண்களை விட அவருடைய எண்ணைப் பெரிதாகப் போட்டு, பெயருக்கான இடத்தையும் வடிவமைப்பாளர் நிரப்பியிருந்தார். எவரும் கேட்காமல் அவராகவே செய்தது அது. தொலைவிலிருந்து பார்த்தால் அந்த ஜெர்சிதான் அணியிலேயே அழகாக இருந்தது.

முதற்சுற்றில் இரண்டு செட்டும் தோற்றார்கள். பூங்குழலிக்கு 7ஆம் எண். அவர் கையிலிருந்து பந்து நழுவியபோது குறிப்பாளர் உரக்கச் சொன்னது “ஏளு” என்பதை.

கடைக்காரர் பதினைந்துக்குக் குறைந்து எடுப்பதில்லை என்பதால் மூன்று ஜெர்சிகள் பெயரும் எண்ணும் இல்லாமல் மிஞ்சின. அடுத்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்கென்று அவை அலமாரியில் இருக்கின்றன. நீலம் ஏறிவிட்ட துணியில் வெள்ளையாக எதையும் இனிச் சாயமேற்ற முடியாது. வருகிறவர்களின் பெயர்களை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். அவை உரியக்கூடியவையாக இருக்கும்.